அட்சய திருதியைக்கு அடுத்து தந்தேரஸா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களாகத் தீபாவளி நெருங்கினால் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு புது விளம்பரம் வருகிறது. ஐப்பசித் தேய்பிறைத் திரயோதசி அன்று, அதாவது தந்தேரஸ் நாளில், தங்கம் வாங்கினால் வீட்டில் செல்வம் பெருகும் என்கிறார்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறார்கள், அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எண்ணெய்க் குளியல், தீபாவளி லேகியம், புதுத்துணி, பலகாரம் என்று பண்டிகை கொண்டாடும் நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் பெயரையே யாரும் கேட்டதில்லை. நகைக்கடைகள்தான் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், அட்சய திருதியையும் இப்படித்தான் வந்தது. இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் அது ஆதிகாலத்திலிருந்தே தங்கம் வாங்கும் நாள் என்று நம்புகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறார்கள். 1990 வரை நாட்டில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, வீட்டில் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம், நகை வியாபாரத்துக்கும் ஏகப்பட்ட கெடுபிடி. அது போன பிறகுதான் பெரிய பெரிய நகை மாளிகைகள் பெருகின, அப்புறம்தான் அந்த நாளுக்கு முழுப்பக்க விளம்பரம், விடியற்காலையில் கடை திறப்பு, முன்பதிவு எல்லாம்.

அதற்கு முன்பும் அந்த நாள் இருந்தது, வேறு மாதிரி இருந்தது. சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் என்பதால் தண்ணீர்ப் பானை, விசிறி, குடை, செருப்பு, தயிர்சாதம், நீர்மோர் என்று இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். எங்கள் கும்பகோணத்தில் பெருமாள் கோயில்களிலிருந்து கருட வாகனங்கள் பெரிய தெருவில் ஒன்றாக நிற்கும், இன்றைக்கும் நிற்கின்றன, ஊரே பார்க்க வரும். சமணர்கள், ஒரு வருடம் உணவில்லாமல் இருந்த ரிஷபதேவருக்குக் கரும்புச்சாறு கொடுக்கப்பட்ட நாளாக நினைக்கிறார்கள். ஒடிசாவில் உள்ள பூரி ஜகந்நாதர் கோயிலுக்குத் தேர் செய்யும் வேலையை அன்றுதான் தொடங்குகிறார்கள். இவற்றில் எதிலும் தங்கம் இல்லை, பெரும்பாலும் கொடுப்பதுதான் இருக்கிறது. கொடுக்கும் நாளை வாங்கும் நாளாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

ஆடி மாதத்திலும் இதே வேலைதான் நடந்தது, எதிர்த்திசையில். ஆடியில் கல்யாணம் கிடையாது, பெரிய செலவு எதையும் தள்ளிப்போடுவார்கள், துணிக்கடைகள் காற்று வாங்கும். அந்த மாதத்தைத் தள்ளுபடி மாதமாக்கி, தியாகராய நகரில் கால் வைக்க இடமில்லாமல் செய்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு இடைஞ்சலான சம்பிரதாயத்தை மறக்கவைக்க முடிகிறது, தேவையான சம்பிரதாயத்தைப் புதிதாக உண்டாக்கவும் முடிகிறது. தேங்கிய துணியை விலை குறைத்து விற்றால் வாங்குகிறவருக்கும் லாபம் உண்டு, அதனால் ஆடித் தள்ளுபடியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

தங்கம் அப்படி இல்லை. 2025 அட்சய திருதியை அன்று ஒரு பவுன் 70,000 ரூபாய்க்கு மேல். வீட்டு வேலை செய்கிற பெண்கள் அந்த வாரம் முன்பணம் கேட்கிறார்கள், எதற்கு என்றால் அரை கிராம் காசாவது வாங்காவிட்டால் வருடம் முழுக்க வீட்டில் ஒன்றும் தங்காதாம். இந்தப் பயத்தை யார் உண்டாக்கியது? கூட்டத்தில் முண்டியடித்து வாங்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், ஹால்மார்க் எண் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்க முடியுமா? மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. அவசரத்துக்கு விற்கப் போனால் செய்கூலியும் வரியும் திரும்பி வருவதில்லை. வங்கியில் வாங்கிய தங்கக் காசாக இருந்தால் அந்த வங்கியே திரும்ப எடுத்துக்கொள்ளாது. சேமிப்புக்காகத் தங்கம் வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், கடையில் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் போய், நாலு கடை விசாரித்து வாங்கட்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, பத்திரிகை நடத்த வருமானம் வேண்டும், புரிகிறது. ஆனால் அதே நாளில் உள்பக்கத்தில் 'தங்கம் வாங்க உகந்த நேரம்' என்று செய்தி மாதிரியே ஒரு கட்டுரை வருகிறதே, அது காசு வாங்கிப் போடுவது என்றால் மேலே 'விளம்பரம்' என்று கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடுங்கள். இல்லை, உங்கள் நிருபர் எழுதுவது என்றால், அந்த நாளில் நீர்மோர்ப் பந்தல் எங்கெங்கே வைக்கிறார்கள், கருட சேவை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தந்தேரஸ் விஷயத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இந்த வருடத் தீபாவளி மலரிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்