பழைய பரண் அப்படியே இருக்கிறது

அன்புள்ள முருகேசா,

பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததென்று படித்தேன். வர முடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முகூர்த்த மாதம், கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

விண்டோஸ் 11-இல் அப்படி என்னதான் புதிது என்று கேட்டிருந்தாய். கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆசைப்பட்டு வாங்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் பழைய பெட்டியின் பிராசசர் இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறை, கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை ஓரங்கட்டினேன்.

முதல் நாள் ஸ்டார்ட் பட்டனைத் தேடி மௌஸ் இடது மூலைக்குப் போனது. அது நடுவில் உட்கார்ந்திருக்கிறது! விண்டோஸ் 95 காலத்திலிருந்து பழகிய கை, சும்மா இருக்குமா? செட்டிங்ஸில் போய் ஓரத்துக்கே தள்ளிவிட்டேன். ரைட் கிளிக் மெனு இன்னும் வேடிக்கை. வெளிவந்த புதிதில் கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் பெயரில்லாத குட்டிப் படங்களாக இருந்தன. அப்புறம் அவர்களே படத்துக்குக் கீழே பெயர் எழுதிவிட்டார்கள்.

வெள்ளையடித்த வீட்டில் பரணை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, எந்தப் பதிப்பு என்று கேட்க 'வெர்' என்று அடித்தேன். 11 இல்லை, இன்னும் 10.0 என்றுதான் தொடங்குகிறது! டேட்டாபேஸை இணைக்கிற ஓ.டி.பி.சி. பக்கம் போய் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலைத் தேடச் சொன்னால், விண்டோஸ் 3.1 காலத்து ஜன்னல் எழுந்து வருகிறது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய்ப் படித்தோமே, அந்த ஜன்னல்.

ஒன்று மட்டும் நிஜமாகவே பிடித்தது. ஜன்னலைப் பெரிதாக்கும் பட்டன்மேல் மௌஸை நிறுத்தினால், திரையை எப்படிப் பங்கிடலாம் என்று கட்டம் கட்டிக் காட்டுகிறது. இடப்பக்கம் வாடிக்கையாளர் கையெழுத்தின் ஸ்கேன், வலப்பக்கம் நான் அடிக்கும் பக்கம். புரூஃப் பார்க்க நல்ல சௌகரியம். பாதுகாப்பு விஷயத்திலும் உள்ளே நிறைய வேலை செய்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாது. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10-இலேயே வந்துவிட்டது, அதைப் புதுசென்று சொல்ல முடியாது.

உன் மிஷின் தகுதியானதென்றால் இலவசமாகவே மாறிக்கொள், மாறுவதுதான் பாதுகாப்பு. புதுமையைப் பார்க்கலாம் என்று மட்டும் காசு போட்டு வாங்காதே.

இதற்கு நடுவே ஒரு இழப்பு. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துப் புரோகிராம் எதையும் நேரடியாக ஏற்காது. டாஸுக்கான பாக்ஸ்புரோ டேட்டாபேஸில் நீ எழுதித் தந்த பாக்கிக் கணக்குக்காகவே இத்தனை வருடம் 32 பிட் விண்டோஸை விடாமல் வைத்திருந்தேன். கடைப் பையன், டாஸ் மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமைப் போட்டு அதை எழுப்பிவிட்டான். நீல நிறத் திரை, 'வணக்கம் கோபால்' என்று ஆங்கில எழுத்தில் நீ போட்ட வரி, எல்லாம் அப்படியே. ஆனால் பில் பிரிண்டருக்குப் போகமாட்டேன் என்கிறது. டாட் மேட்ரிக்ஸுக்குப் புது ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கு, சரியா?

உன்,
கோபால்