வடக்கு கோல் கம்பம்

சாம்பியன் ரீஃப்,
தங்கவயல்.

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுவது. நீ, வீட்டில், பாப்பா எல்லாரும் சௌக்கியமா? இங்கே நாங்கள் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி, அது எப்போதும் இருப்பதுதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. மெதுவாகப் படி.

பணம் 5ஆம் தேதியே வந்துவிட்டது. எப்போதும் வருகிற நம்பரில் இருந்து இல்லை, வேறு நம்பர். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். பென்ஷன் வருகிறது, ரேஷன் அரிசி வருகிறது, இரண்டு கிழங்களுக்கு என்ன பெரிய செலவு.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது பாப்பா கேட்டாளே, "அப்பா புட்பால் ஆடின கிரவுண்ட் எங்கே தாத்தா?" என்று. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அதெல்லாம் போச்சு என்றாய். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். போச்சு என்றால் எங்கே போகும்? ஊர் இங்கேதானே இருக்கிறது. அன்று மனதில் விழுந்தது. மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாளே நானும் பம்பு மாமாவும் கிளம்பிவிட்டோம். காலையில் இரண்டு மணி நேரம் நடை. பாப்பா விட்டுப் போன கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள் மீதி இருந்தது, அதில் படம் வரைகிறேன். உங்களுடையது மட்டும் இல்லை, எங்கள் காலத்தது, தாத்தா காலத்தது, கிடைக்கிற எல்லா மைதானமும்.

ஜிம்கானா மைதானத்தைத் தேட வேண்டியதில்லை, அது நிற்கிறது. வெள்ளைக்காரன் கோல்ஃப் ஆடிய கிளப்பும் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். துரைமார்கள் ஆடிய இடம் காகிதத்தில் இருக்கிறது, போட்டோவில் இருக்கிறது. லைன் வீடுகளில் இருந்த மைன் தொழிலாளிகள் ஆடிய இடம்தான் எதிலும் இல்லை. 1880இல் தங்கம் எடுக்க ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1894இல் பவரிங்பேட்டையில் (இப்போது பங்காரப்பேட்டை) இருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது, வட ஆற்காட்டில் இருந்தும் சித்தூரில் இருந்தும் நம் ஜனம் வந்து தட்டி வீடுகளில் இறங்கியது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று ஒவ்வொரு மைனுக்கும் தனித்தனி லைன். மூன்று கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கி வேலை செய்தவன், மேலே வந்தால் கொஞ்சம் ஓட மாட்டானா? வெறும் காலோடு ஓடினான். அதை யார் எழுதி வைப்பது?

தேடும்போதுதான் ஒன்று புரிந்தது. ஒரு டன் கல்லை அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம். மீதி அத்தனையும் மணல். அதைக் கொட்ட மில்லுக்குப் பக்கத்தில் தாழ்வான, சமமான இடம் வேண்டும். பையன்கள் பந்து ஆடவும் அதே இடம்தான் வேண்டும். யார் ஜெயித்தது என்று சொல்ல வேண்டுமா? சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிய சயனைட் மேடுகளில் மொத்தம் 3 கோடி டன்னுக்கும் மேல் மண் கிடக்கிறது என்கிறார்கள். அதில் ஒன்றின் அடியில் தாத்தாவின் மைதானம் இருக்கிறது.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற தாத்தாவின் டீம் போட்டோவைக் கழற்றி எடுத்துப் போனோம். அதில் தாத்தாவின் தலைக்கு மேலே, மைனுக்குள் ஆட்களை இறக்குகிற ஷாஃப்ட் சக்கரம் தெரிகிறது இல்லையா, அதற்கு நேர் பின்னால் ஒரு புகைபோக்கி, சக்கரம் அதைப் பாதி மறைக்கிறது. புகைபோக்கி இன்று இல்லை, செங்கல் அடிவாரம் மட்டும் இருக்கிறது. சக்கரமும் அடிவாரமும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி பின்னால் நடந்துகொண்டே போனோம். ஒரு இடத்தில் கால் மணலில் ஏறியது. அதற்கு மேல் மேடு. பம்பு மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே இருக்கிறான் உங்க அப்பன், என்றார்.

இன்னொன்று வீடுகளாகிவிட்டது. அங்கே கிரிக்கெட் ஆடினார்கள் என்பதற்கு ஒரே சாட்சி ஒரு கல் ரோலர். கைப்பிடியை யாரோ எடுத்துவிட்டார்கள். டீக்கடை வாசலில் உட்காரும் திண்டாகக் கிடக்கிறது. நானும் தினமும் அதில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

இந்த டீக்கடையில்தான் மேல் லைன் டீச்சரம்மாவின் மகனைப் பார்த்தேன். காலை வண்டியில் பெங்களூர் போகிறவன். போன மாதம் ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, கே.ஆர்.புரம் பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்தானாம். பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். அவன் கையைக் காட்டியும் நீ பார்க்கவில்லையாம். நீயாக இருக்காது என்று சொன்னேன். அவன் கண்ணாடி போட்டவன், அவனுக்கு எது தெரியும். பதினோரு மணிக்கு நீ ஆபீசில் அல்லவா இருப்பாய். கம்பெனி பஸ் இப்போதும் வீட்டு முனைக்கே வருகிறதா? வேளைக்குச் சாப்பிடு. வெறும் டீயைக் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொள்கிற பழக்கம் உனக்கு உண்டு.

சரி. நம் லைன் கிரவுண்டைக் கடைசியில்தான் தேடினோம். எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், பம்பு மாமாவுக்கும் தெரியும். ஆனால் எது எல்லை, எது கோல் என்று ஒன்றும் தெரியவில்லை. தை மாதம் முழுக்க நான்தான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒருநாள் மாமா மண்வெட்டியோடு வந்துவிட்டார். முழுக்க உண்ணி முள். மேல்பக்கத்தில் அந்த வேப்பமரம் இருக்கிறது, பெருத்துவிட்டது. அதற்கு இருபது அடி முன்னால் மாமாவின் மண்வெட்டி டங்கென்றது. கான்கிரீட். தோண்டினால் நடுவே ஒரு சாண் உயரத்துக்கு இரும்புப் பைப், வடக்கு கோலின் இடது கம்பம். நீ ஜிம்கானாவில் இரண்டு கோல் போட்டு ஜெயித்த வருஷம் இந்தக் கம்பத்துக்குத்தானே சுண்ணாம்பு அடித்தாய்? ஊரே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆயா திருஷ்டி சுற்றிப் போட்டாள். அந்தக் கால் இப்போது எங்கள் வாசல் பக்கம் வரவே யோசிக்கிறது, சரி விடு.

மாமா பைப்பின் மேல்முனையில் இருந்த மண்ணைத் துடைத்தார். துரு ஏறியிருந்தது, ஆனாலும் வெட்டு தெரிந்தது. கட்டை விரலால் விளிம்பை ஒரு சுற்று தடவினார். "நேர் வெட்டு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, வேப்பமரத்தில் இருந்து எத்தனை அடி என்று எழுதச் சொன்னார்.

தம்பி, ரம்ப பிளேடைப் பிடித்துத் தெரியாதவன் பைப்பை அறுத்தால் வெட்டு கோணும், பாதியில் வழி மாறும், கடைசியில் ஆட்டி முறிப்பான், நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டில் நேராக அறுக்க ஃபிட்டரால்தான் முடியும். மாமா என்னோடு பதினெட்டு வருஷம் ஒரே ஷாப்பில் இருந்தவர்.

2001 பிப்ரவரி 28இல் மைன் மூடினார்கள். உனக்குப் பத்தாவது. செட்டில்மென்ட் விஷயமாக யூனியன் ஆபீஸ் போகிறேன் என்று தினமும் கேரியரை எடுத்துக்கொண்டு போனேனே, பாதி நாள் நான் எந்த ஆபீசுக்கும் போகவில்லை. அந்த வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதாத ஊரில் நேரம் தெரியாது. வெயில் கம்பத்தின் நிழலை நகர்த்தும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டானதும் சாப்பிடுவேன். வேலை முடிந்து வருகிறவன் மாதிரி நாலு மணிக்கு வீட்டுக்கு வருவேன். அம்மா கேட்க மாட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கம்பம் எனக்கு இரும்பாகத் தெரிய ஆரம்பித்தது. எட்டடி, எட்டடி, மேலே இருபத்து நாலடி. எத்தனை கிலோ வரும் என்று மனசு கணக்குப் போட்டது. இரண்டு ராத்திரி ஆனது. சத்தம் வராமல் இருக்க வெட்டில் எண்ணெய் விட்டு அறுத்தேன். சைக்கிளில் கட்டி, ஊரைச் சுற்றி, தெரியாத காயலாங்கடையில் போட்டேன். அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட வந்தது. உன் பரீட்சைக்கு, அம்மாவின் மருந்துக்கு என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பால்காரனுக்கு இருநூறு கொடுத்தேன். மிச்சம் சாராயக் கடைக்குப் போனது.

மறுநாள் நீ என்ன செய்தாய் என்று உனக்கே தெரியும். மாமா மகன் காயலாங்கடையில் பாட்டில் போட்டதை யாரோ பார்த்தார்கள் என்று அவனைப் போட்டு அடித்தாய். முன்பல் போனது. அது போதாதென்று மாமா அவனைப் பெல்ட்டால் அடித்தார், திருட்டுப் பயலைப் பெற்றேனே என்று. நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்டது. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு மாதத்தில் தெற்குக் கம்பத்தையும் வேறு எவனோ கொண்டுபோனான். கல்லை வைத்துக் கொஞ்ச நாள் ஆடினீர்கள், அப்புறம் அதுவும் நின்றது. மைன் மூடியதால் மைதானம் போனது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாமா மகன் ஆண்டர்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அவனைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறாய் என்று அம்மா சொல்வாள். மாறிப் போக வேண்டியவன் நீ இல்லை. நான் இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். மறுநாளும் அவர் ஆறரைக்கு வந்து வாசலில் இருமினார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

அம்மா கத்தரிக்காய் வற்றல் போட்டிருக்கிறாள். பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாகிவிட்டதா? இல்லையென்றால் தபால் ஆபீசில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன், எடுக்க ஒரு கையெழுத்துதான். பணம் அனுப்ப வேண்டாம் என்று மேலே எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. வீட்டில் பேசு. நான் அம்மாவிடம் பேசாமல் இருந்த அந்த நாலு மாதம் போல எதுவும் என்னை அரிக்கவில்லை.

வலது கம்பத்தின் கான்கிரீட் இன்னும் கிடைக்கவில்லை. இடதில் இருந்து இருபத்து நாலடியில் இருக்க வேண்டும், ஆனால் எந்தத் திசையில் என்று டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாமாவால் குனிய முடியவில்லை, எனக்குக் கண் சரியில்லை. அந்தக் கோலுக்கு முன்னால் வருஷக்கணக்கில் நின்றவன் நீ, நின்றால் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதான் என்று இல்லை. புதன்கிழமை காலி என்றாலும் மாரிகுப்பம் வண்டி ஏறி வா. ஏன் இன்றைக்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

உன்,
நைனா