மலைச் சரிவில் இறங்கும் சைக்கிளுக்கு ஷொக் இருந்தால் மட்டும் போதாது

கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி முற்பணமோ, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் பணமோ கைக்கு வந்ததும், முன்னும் பின்னும் ஷொக் பூட்டிய மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற ஆவல் மலையகத்து இளைஞர்களிடம் வளர்ந்துவருகிறது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி நம் வீதிகளில் சைக்கிளுக்கு மீண்டும் ஓர் இடத்தைக் கொடுத்தது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைப்பயணப் பாதை, நாம் கொழுந்துக் கூடையோடு நடந்த தோட்டப் பாதைகளையே உலகம் தேடிவரும் பாதைகளாக்கியிருக்கிறது. நம் பிள்ளைகளும் அவற்றில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுவது நியாயமானதே. ஆனால் இந்த ஆசையை நம்பி விற்கப்படும் மலிவு வண்டிகள் பல, நம் சரிவுகளில் ஓட்டத் தகுதியற்றவை என்பதை ஹட்டன் பகுதியில் சைக்கிள் திருத்தும் தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஷொக் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாகத்துக்குள் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. மேடுபள்ளத்தில் சக்கரம் மேலெழும்போது அந்த அதிர்வை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கின் வேலை. அது உருக்குச் சுருளாகவோ அடைத்துவைத்த காற்றாகவோ இருக்கலாம். வாங்கிய சக்தியை அந்த ஸ்பிரிங் ஒரேயடியாகத் திருப்பி எறியாமல் தடுப்பது, சிறு துளைகளினூடாக ஒயிலைச் செலுத்தி அந்தச் சக்தியை வெப்பமாகக் கரைக்கும் டாம்பரின் வேலை. மலிவு வண்டிகளின் பின்புறத்தில் பூட்டப்படும் ஷொக்குகளில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே இருக்கிறது. கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இருக்கையை இரு கைகளாலும் பலமாக அழுத்திச் சட்டென்று விட வேண்டும். வண்டி ஒருமுறை எழுந்து அடங்கினால் உள்ளே டாம்பர் இருக்கிறது. கையைத் தள்ளிவிட்டு மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருந்தால் அங்கே வெறும் சுருள்தான் இருக்கிறது. அத்தகைய வண்டி கல் பதித்த தோட்டப் பாதையில் வேகமாக இறங்கும்போது, ஒவ்வொரு கல்லும் பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி எறியும். நிலத்தைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை.

அண்மையில் ஒரு தோட்டத்து மாணவன், பின்பக்கம் கிறீச்சிடுகிறது என்று வாங்கிச் சில வாரங்களே ஆன வண்டியைக் கொண்டுவந்தான். பின்சட்டத்தை நடுச்சட்டத்தோடு இணைக்கும் அச்சைக் கழற்றினேன். உள்ளே பெயாரிங் எதுவும் இருக்கவில்லை. ஒரு சோடி மெல்லிய பிளாஸ்டிக் புஷ்கள் மட்டும் இருந்தன; அவற்றில் ஒன்று பிறை வடிவில் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. கிறீஸ் என்று சொல்ல எதுவுமே இல்லை. செம்மண் சேறு மட்டும் காய்ந்து கிடந்தது. பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தபோது அது விரலளவுக்கு ஆடியது. அதற்கும் மேலாக, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை முன்பின் மாற்றிப் பூட்டியே அந்த வண்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தார்கள். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்கும்போது டிஸ்க் இடப்பக்கத்திலும், அதைப் பிடிக்கும் கலிப்பர் ஃபோர்க் காலின் பின்புறத்திலும் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு பார்வை போதும். அந்தப் பார்வைகூட அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் சைக்கிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் நல்லவை நிறைய உண்டு. நகர வீதிக்கு அவற்றை நானே சிபாரிசு செய்கிறேன். ஆனால் மவுண்டன் சைக்கிளின் தோற்றம் மட்டும் கொண்ட ஒரு வகை ஜப்பானில் பரவலாக விற்கப்படுகிறது. கரடுமுரடான பாதையில் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கை ஸ்டிக்கரை அவற்றின் சட்டத்திலேயே அங்கு ஒட்டி விற்கிறார்கள். அந்த வாசகம் ஜப்பானிய மொழியில் இருப்பதால், அது இங்கு வந்து சேரும்போது வெறும் அலங்காரமாகவே தெரிகிறது. தடித்த டயரையும் இரண்டு ஷொக்குகளையும் பார்த்து, தேயிலை மலைக்கு ஏற்ற வண்டி என்று நம்பி வாங்குகிறவரிடம் அதன் பொருளைச் சொல்வார் எவருமில்லை.

விலையைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதுவது நல்லது. ஜயன்ட் ஸ்டான்ஸ், பொலிகன் சிஸ்கியூ, மரின் ரிஃப்ட் ஸோன் போன்றவை இரட்டை ஷொக் வகையில் ஆரம்ப நிலை வண்டிகளாக வெளிநாடுகளில் கருதப்படுகின்றன. அவையே ஆயிரம் டொலரை அண்டியோ அதைத் தாண்டியோ விலை பெறுகின்றன. நம் பணத்தில் அது மூன்று இலட்சம் ரூபாயளவில் வரும். அதில் சிறு பங்கு விலைக்கு விற்கப்படும் புதிய வண்டியில் அதே பாகங்கள் இருக்க வழியில்லை. ஆகவே கையில் இருக்கும் பணம் குறைவென்றால், முன்னால் மட்டும் நல்ல ஃபோர்க் உள்ள வண்டியை வாங்குங்கள் என்பதே என் தெளிவான கருத்து. பின் ஷொக்குக்குச் செலவாக வேண்டிய பணம் அப்போது பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் போய்ச் சேரும். ஏற்றத்தில் மிதிக்க வேண்டிய எடையும் குறையும். மலிவு இரட்டை ஷொக் வண்டிகள் சில 18 கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ளவை. தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறுகிறவருக்கு அந்த எடையின் பொருள் விளங்கும்.

இருந்தும் இரட்டை ஷொக் வண்டியே வேண்டும் என்று தீர்மானிப்பவர், புதிய மலிவு வண்டியை விட்டுவிட்டு, தரமான வண்டி ஒன்றைப் பாவித்த நிலையில் தேடுவதே மேல். பின்சட்டம் ஒரேயொரு அச்சில் திரும்பும் அமைப்பு நம் மழைக்கும் சேற்றுக்கும் ஏற்றது. தேயக்கூடிய பெயாரிங்குகள் அதில் குறைவு, மாற்றுவதும் எளிது. ஷொக்கின் பளபளப்பான தண்டில் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ, ஒயில் கசிந்த வளையம் தெரிந்தாலோ வேறு வண்டியைப் பார்ப்பது நல்லது. பின்சக்கரத்தின் பல்லுகள், சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பில் திருகிப் பூட்டும் பழைய ஃப்ரீவீல் வகையா, அல்லது ஹப்பின் மேல் செருகிப் பூட்டும் கசெட் வகையா என்று கேட்டறிவது முக்கியம். ஃப்ரீவீல் வகையில் வலப்பக்கப் பெயாரிங் மிகவும் உட்புறமாக அமைந்திருப்பதால், பள்ளங்களில் குதிக்கும்போது அச்சு வளைந்தோ முறிந்தோ போகிறது. நடுச்சட்டத்தின் அடிப்பகுதியிலும் பற்றவைத்த இடங்களிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்பதை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி என்றால் அதைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு அந்த வண்டியை ஓட்டுநரின் எடைக்கு அமைத்துக்கொள்ளும் வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விடுவதால் நல்ல வண்டியும் கெட்ட வண்டியாக ஓடுகிறது. வழமையான உடையோடும் முதுகுப் பையோடும் வண்டியில் ஏறி, சுவரில் ஒரு கையை ஊன்றி, இருக்கையில் அமர வேண்டும். ஷொக்கின் தண்டில் இருக்கும் கறுப்பு இறப்பர் வளையத்தை மற்றவர் ஒருவர் தண்டு உள்ளே நுழையும் இடம்வரை தள்ளிவிட வேண்டும். வளையம் இல்லையென்றால் மெல்லிய நூலைச் சுற்றிக் கட்டலாம். துள்ளாமல் மெதுவாக இறங்கியபின் வளையம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அடிமட்டத்தால் அளக்க வேண்டும். பின் ஷொக் அதன் முழு ஓட்டத்தில், அதாவது தண்டு உள்ளே போகக்கூடிய முழுத் தூரத்தில், 25 முதல் 30 சதவீதம் வரை தாழ்ந்திருக்க வேண்டும்; அதாவது 50 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள ஷொக்கில் ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிமீற்றர். முன் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் போதுமானது. காற்று ஷொக் என்றால் ஓட்டுநரின் எடை இறாத்தல் கணக்கில் எவ்வளவோ, அவ்வளவு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தில் தொடங்கி, அங்கிருந்து கூட்டியோ குறைத்தோ பார்ப்பது பல ஷொக்குகளுக்குப் பொருந்தும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 130 அளவில் வரும். இதற்கு அழுத்தமானியோடு கூடிய தனி ஷொக் பம் வேண்டும். எரிபொருள் நிலையத்தில் டயருக்கு அடிக்கும் இயந்திரத்தை இதற்கு ஒருபோதும் பாவிக்கக்கூடாது. உருக்குச் சுருள் உள்ள ஷொக்கில் அதன் மேலுள்ள வளையத்தைத் திருகுவது ஓரளவே உதவும். சுருளின் மீது எழுதியிருக்கும் எண் அதன் கடினத்தைக் குறிக்கிறது; வளையத்தை எவ்வளவு திருகினாலும் அந்தக் கடினம் மாறாது. ஓட்டுநரின் எடைக்குச் சுருள் பொருந்தவில்லையென்றால் அதையே மாற்ற வேண்டும்.

திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு இருந்தால், இருக்கையில் அமர்ந்தபடியே நடைபாதை விளிம்பொன்றிலிருந்து மெதுவாக இறங்கிப் பார்க்கலாம். வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். அதற்கு மேல் துள்ளினால் திருகை ஒரு படி மந்தமாக்க வேண்டும். மிகவும் மந்தமாக்கிவிட்டால் அடுத்தடுத்து வரும் கற்களில் ஷொக் எழ நேரமின்றித் தாழ்ந்தபடியே இருந்து கடினமாகிவிடும். டியூப் உள்ள 2.2 அங்குல டயருக்கு, நடுத்தர எடையுள்ளவர் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்க்கலாம். பாறையைப் போல் காற்றடித்துவிட்டு ஷொக் சரியில்லை என்று குறைசொல்பவர்கள் பலர்.

பிரேக் விடயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலை நோக்கியோ, நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகவோ இறங்குகிறவர், வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைவிட எவ்வளவு நன்றாக நிற்கிறது என்பதை நம்பியே இறங்குகிறார். புதிய பிரேக் பட்டைகள் பூட்டிய பிறகு சமதளமான பாதையில் மிதமான வேகத்தில் ஓட்டி, முற்றாக நிறுத்தாமல் நடை வேகத்துக்குக் குறைப்பதை ஓர் இருபது தடவையாவது செய்தபின்பே சரிவுக்குப் போக வேண்டும். அப்போதுதான் பட்டை டிஸ்க்கில் படியும். கேபிளால் இயங்கும் மலிவு டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் ஒரு பட்டை மட்டுமே நகரும். அசையாத மற்றப் பட்டை தேயத் தேய, அதன் பக்கத்திலுள்ள திருகைக் கொண்டு அதை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதை விற்பவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒயிலில் இயங்கும் பிரேக்கானால், ஷிமானோவுக்குக் கனிய எண்ணெயும் வேறு சில வகைகளுக்கு டொட் (DOT) எனப்படும் பிரேக் திரவமும் பாவிக்கப்படுகின்றன; ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர்கள் கெட்டுவிடும். சங்கிலிக்குத் தெளிக்கும் ஒயில் டிஸ்க்கில் பட்டாலும் அந்தப் பட்டைகள் பயனற்றுப் போகும். நீண்ட சரிவில் பிரேக்கைத் தொடர்ந்து இலேசாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, பின்னர் விட்டு, அது ஆற இடம் கொடுக்கும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கமும், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பதுளைப் பக்கமும் ஓடும் வண்டிகளின் பெயாரிங்குகளை மழை ஓய்ந்ததும் திறந்து கிறீஸ் இட வேண்டும். வேகமாக நீர் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் போதும்.

இவற்றில் பலவற்றை வாங்குபவர் தாமாகச் செய்துவிட முடியாது என்பதால், மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். சைக்கிள் விற்கும் வர்த்தகர்கள், வண்டியைக் கையளிக்கும் முன் ஃபோர்க், பிரேக், ஹேண்டில் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பரிசோதித்து, அந்த வண்டி வீதிக்கு மட்டுமானதா, கரடுமுரடான பாதைக்கும் உரியதா என்பதைப் பற்றுச்சீட்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொடுக்க வேண்டும். சைக்கிள்களின் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 நியமம், நகர வண்டியையும் மவுண்டன் வண்டியையும் வெவ்வேறாகவே வகைப்படுத்துகிறது. அந்த வேறுபாட்டை இங்கும் விற்பனையின்போது வெளிப்படுத்தச் செய்வதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் இலங்கை கட்டளைகள் நிறுவனமும் முன்வர வேண்டும். தோட்டங்களில் இயங்கும் இளைஞர் கழகங்கள், கரப்பந்து வலையை வாங்கிப் பொதுவில் வைத்திருப்பது போலவே, ஒரு ஷொக் பம்மையும் போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஒரு முறுக்கு அளவிச் சாவியையும் பொதுவில் வாங்கி வைக்கலாம். தனியொருவருக்கு அது பெருஞ்செலவு. ஒரு தோட்ட டிவிசனுக்கு அப்படியல்ல. அவற்றைப் பாவிக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க அழைக்கும் எந்தக் கழகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமின்றி வந்துபோக நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
துவிச்சக்கர வண்டி திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.