பன்மொழித் தளங்களில் மெனு சறுக்கும் இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல மொழிகளில் இயங்கும் இணையதளங்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கட்டுரை நல்ல தமிழில் இருக்கிறது. மேலே ஓடும் மெனு மட்டும் 'வீடு', 'பற்றி', 'தொடர்பு எங்களை' என்று பல்லிளிக்கிறது. பக்கங்களை மொழிபெயர்ப்பாளர் பார்க்கிறார். மெனுவையோ தளத்தைக் கட்டியவரே கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்து ஒட்டிவிடுகிறார். இருபது முப்பது சொல்தானே என்ற நினைப்பு. தளத்தின் எல்லாப் பக்கத்திலும் தலைகாட்டுவது அந்த இருபது முப்பது சொற்கள்தான். மொழிபெயர்ப்பு வேலையை மெனுவிலிருந்தே தொடங்க வேண்டும், அதையும் ஆள் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எங்கள் கருத்து.

ஒற்றைச் சொல்லைத் தனியாக நீட்டினால் யாராலும் சரியாக மொழிபெயர்க்க முடியாது. 'போஸ்ட்' என்றால் பதிவா, பதிவிடுவதா, பணியிடமா, தபாலா? 'ஷேர்' பகிர்வதா, பங்குச்சந்தைப் பங்கா? எனவே மொழிபெயர்ப்பாளருக்குப் போகும் எக்செல் தாளில் மூலச்சொல்லும் காலிக் கட்டமும் மட்டும் இருந்தால் போதாது. அது எந்தப் பக்கத்தில் வருகிறது, அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகுமா அல்லது ஒரு செயல் நடக்குமா, எத்தனை எழுத்துக்கு இடம் உண்டு, திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) எங்கே என்று தனித்தனி நெடுவரிசைகள் வேண்டும். மென்பொருளில் வரும் சொற்களைத் தனிக் கோப்பில் தொகுத்துத் தரும் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்ப்பவர்களுக்கு, சூழலைக் குறிக்கவென்றே ஒரு வரி கோப்பிலேயே உண்டு. நிரல் எழுதுபவர் அதை நிரப்பாவிட்டால், ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள இரண்டு சொற்களும் கோப்பில் ஒரே பதிவாகிவிடும். பிறகு 'பதிவு' என்று வர வேண்டிய இடத்திலும் 'பதிவிடு' என்றுதான் வரும். மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு முயன்றாலும் இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் பிழை அவர் பக்கத்தில் இல்லை.

வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்புக்குப் பெயர்ச்சொல்லும் வேலை செய்யும் பொத்தானுக்கு ஏவலும் வைப்பது நல்ல வழக்கம். 'பதிவிறக்கங்கள்' என்றால் பட்டியல் திறக்கும், 'பதிவிறக்கு' என்றால் கோப்பு இறங்கும். ஒரே தளத்தில் 'உள்நுழை', 'உள்நுழைக', 'உள்நுழைய', 'லாகின்' என்று நான்கும் வருவதுதான் தொல்லை. எதைத் தேர்ந்தாலும் ஒன்றைத் தேர்ந்து எழுதிவைத்துக்கொண்டால் போதும். 'லாகின்' வேண்டாம் என்று எங்களில் பாதிப் பேர் சொல்வார்கள், மீதிப் பேர் தோளைக் குலுக்குவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், நிரலே சொற்களை ஒட்டித் தொடராக்கும் இடத்தில் இருக்கிறது. 'எல்லாப் படத்தையும் பார்' போன்ற இணைப்புகளை, நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு அதில் பிரிவின் பெயரைச் செருகும்படி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இது சிக்கலில்லாமல் ஓடும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு புணர வேண்டும். வெற்றிடத்துக்குப் பின்னால் 'ஐ' ஒட்டிவைத்தால் 'படம்ஐ', 'நூல்கள்ஐ' என்று திரையில் வரும். 'படத்தை', 'நூல்களை' என்று எந்த நிரலும் தானாக மாற்றிக்கொடுக்காது. இதற்குத் தீர்வு, உருபே தேவைப்படாதபடி தொடரை மாற்றுவது: 'படங்கள்: அனைத்தும்', 'நூல்கள்: அனைத்தும்'. இல்லையென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் முழுத் தொடரைத் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். மெனு உருப்படிகள் குறைவாக இருப்பதால் இரண்டாவது வழிகூடப் பெரிய செலவில்லை.

அடுத்தது நீளம். பத்து எழுத்துக்கு உட்பட்ட ஆங்கிலச் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போகும்போதே இரண்டு மூன்று மடங்கு நீளலாம் என்று ஐபிஎம் வகுத்த கணக்கை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி தன் வழிகாட்டியில் எடுத்துக்காட்டுகிறது. நீண்ட பத்திகள் அவ்வளவு நீளாது. குறுஞ்சொற்கள்தான் நீளும், மெனு முழுக்கக் குறுஞ்சொற்கள். ஆகவே மெனுக் கட்டங்களுக்கு நிலையான அகலம் வைக்கக் கூடாது. இடம் போதவில்லை என்று நிரலை விட்டு எழுத்தெண்ணி வெட்டச் சொல்வது அதைவிட மோசம். கணினிக்குத் தமிழ்ப் புள்ளி ஒரு தனிக் குறியீடு. 'தொடர்' என்பதில் ஐந்து குறியீடுகள். நான்கில் வெட்டினால் 'தொடர' என்று நிற்கும், சொல்லே மாறிவிடும். வெட்டித்தான் ஆக வேண்டுமானால், பார்வைக்கு ஓரெழுத்தாகத் தெரிவதை ஓரலகாக எண்ணும் ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்த வேண்டும்.

உயரமும் கவனிக்க வேண்டியது. லத்தீன் எழுத்துக்கென்று வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என வைத்து, மிஞ்சுவதை மறைக்கவும் சொல்லியிருந்தால் 'கூ', 'ழு' போன்றவற்றின் கீழ்ப்பகுதியோ 'கீ' என்பதன் மேல்சுழியோ அரைகுறையாகத் தெரியும். தமிழுக்கு 1.5 அல்லது 1.6 வைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். முதன்மை உருப்படிகளை ஆங்கிலத்தின் பெரிய (கேபிட்டல்) எழுத்தாக்கித் துணை உருப்படிகளிலிருந்து பிரித்துக்காட்டும் வடிவமைப்பு தமிழில் செல்லாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே நமக்குக் கிடையாது. தடிமனாலோ நிறத்தாலோ காட்டலாம். தளத்தின் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாவிட்டால் உலாவி தன் கைவசம் உள்ள வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அப்போது வடிவமைத்தவர் திரையில் ஒரு மாதிரியும் பார்ப்பவர் கைபேசியில் வேறு மாதிரியும் தெரியும். 320 பிக்சல் அகலத்தில் ஒருமுறை திறந்து பார்த்தால் பாதிக் குறைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

துணை மெனுவை அகரவரிசையில் அடுக்கும் தளங்களில் இன்னொரு கோளாறு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை. அங்கே 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து வருகிறது, 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்து. 'வ' என்பதோ 'ள', 'ழ' இரண்டுக்கும் பின்னால் வருகிறது. எண்வரிசையில் அடுக்கினால் 'வரலாறு' எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்காது. தமிழுக்கான வரிசை விதியைச் சொல்லி அடுக்கச் சொன்னால் சரியாகிவிடும். இன்றைய உலாவிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

பக்கத்தின் இணைய முகவரி (யூஆர்எல்) விஷயத்தில் நாங்கள் தமிழார்வத்தைக் கொஞ்சம் ஓரங்கட்டுகிறோம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒரு பைட் 3 எழுத்தாக விரியும், ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. 'தொடர்புக்கு' என்பதில் 11 குறியீடுகள். அது 99 எழுத்து நீளமுள்ள புரியாத சரமாகிவிடும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், முகவரியில் பக்கத்தின் பெயர் வரும் பகுதிக்கு 200 எழுத்துதான் ஒதுக்குகிறது. எனவே 22 குறியீட்டுக்கு மேல் போகும் தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் அறுந்துவிடும். குட்டியான தமிழ்ச் சொல் வைக்கலாம், அல்லது ரோமன் எழுத்தில் வைக்கலாம். எதுவானாலும் ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். ஒரே முகவரியில் ஆளுக்கேற்ப மொழியை மாற்றிக்காட்டினால், பக்கங்களின் நகலை இடையில் சேமித்துவைக்கும் கேஷ், முதலில் வந்தவரின் மொழியைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்து வருபவருக்கும் அதையே நீட்டும்.

மென்பொருளைப் பொறுத்தும் இடறும் இடம் மாறும். வேர்ட்பிரஸில் பாலிலாங் என்ற பன்மொழிச் செருகுநிரலைப் பயன்படுத்தினால், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் மெனு வரும் ஒவ்வோர் இடத்துக்கும் மொழிவாரியாகத் தனித்தனி மெனுவை ஒதுக்க வேண்டும். தமிழ் இடத்தைக் காலியாக விட்டால், பல தீம்களில் பக்கங்களின் பட்டியல் அப்படியே மெனுவாகக் கொட்டப்படும். பார்ப்பவர் தளம் உடைந்துவிட்டது என்று நினைப்பார். தளம் கட்டும் இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு முகப்பு உருப்படி வேண்டும். அதுபோக, எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரு முகப்பு உருப்படி தனி மெனுவில், திரையில் காட்டப்படாமல் இருக்க வேண்டும். பார்வைக்கு எதுவும் செய்யாததுபோல் தெரிகிறதே என்று அதை நீக்கிவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு.

மொழி மாற்றும் பொத்தானில் கொடி வேண்டாம். கொடி நாட்டுக்கு உரியது. ஒரு மொழி பல நாடுகளிலும், பல மொழிகள் ஒரே நாட்டிலும் பேசப்படுகின்றன. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழ் தேடுபவருக்குத் 'தமிழ்' என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், சுற்றியிருப்பது எந்த மொழியாக இருந்தாலும் கவலையில்லை. அழுத்தினால் அதே பக்கத்தின் தமிழ் வடிவம் திறக்க வேண்டும். முகப்புக்குத் தள்ளிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். பார்ப்பவரின் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியைப் பார்த்து மொழியைத் தானே முடிவு செய்து திருப்பி அனுப்புவதும் கூடாது. வேண்டுமானால் 'இந்தப் பக்கம் தமிழிலும் உள்ளது' என்று ஒரு வரி காட்டலாம்.

கண்ணில் படாத சொற்களும் மெனுவைச் சேர்ந்தவைதாம். கைபேசியில் மூன்று கோடாகத் தெரியும் பொத்தானுக்குள், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்காக ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். நேராக உள்ளடக்கத்துக்குத் தாவும் இணைப்பு, தேடல் பெட்டியின் மங்கலான குறிப்பு, 'பக்கம் இல்லை' என்ற 404 பக்கம் ஆகியவையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகின்றன. எக்செல் தாளில் இவற்றுக்கும் வரிசை வேண்டும். பக்கத்தின் மொழி இன்னது என்று நிரலில் குறிப்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி தரத்தின் 3.1.1 விதி, அதிலும் மிக அடிப்படையான 'ஏ' நிலை. ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழாக்கியவர்கள் மொழிக்குறியை மாற்ற மறந்தால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தடுமாறும். மொழி மாற்றும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் அதனதன் மொழிக்குறி தனியே வேண்டும்.

தேடுபொறிக்காகக் கூகுள் 2011-இல் கொண்டுவந்த, ஒரு பக்கத்தின் பிற மொழி வடிவங்களைச் சுட்டும் ஹெச்ரெஃப்லாங் குறிகளில் அடிக்கடி நேரும் பிழை ஒருவழிச் சுட்டல். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால் ஆங்கிலப் பக்கமும் திருப்பிச் சுட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறி கணக்கில் கொள்ளப்படாமல் போகலாம். 'யூகே' என்பது இங்கே உக்ரைனிய மொழிக்குரிய குறி, பிரிட்டனுக்குரியது 'ஜிபி'. அரபு, உருது சேர்த்தால் மெனு வலப்புறத்திலிருந்து தொடங்க வேண்டும், அம்புக்குறிகளும் திசை மாற வேண்டும். இடம், வலம் என்று எழுதாமல் தொடக்கம், முடிவு என்று தோற்றத்தை வகுக்கும் பாணிக்கோப்பில் (சிஎஸ்எஸ்) எழுதியிருந்தால் இது தானாக நடக்கும்.

தளம் திறந்த பிறகு ஆங்கில மெனுவில் புதிதாக ஓர் உருப்படி சேரும். தமிழில் அந்தப் பக்கம் இன்னும் தயாராகியிருக்காது. பலர் அதைத் தமிழ் மெனுவில் மறைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. உருப்படியின் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் 'ஆங்கிலத்தில்' என்று சிறிதாகக் குறித்து, இணைப்பிலும் ஆங்கில மொழிக்குறியைச் சேர்த்துவிடலாம். தமிழ்ப் பக்கம் தயாரான அன்றே அந்தக் குறிப்பை எடுப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே எக்செல் தாளில் எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இணையதள மொழியாக்கப் பணியில் உள்ள வாசகர்கள்