டர்பன் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா, வணக்கம்.

நவம்பர் 16 வந்தால் நம் கோயில் மண்டபங்களில் பழைய படங்களையும் காகிதங்களையும் பார்வைக்கு வைக்கிறோம். 1860-இல் அதே நாளில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளராக இங்கே வந்து இறங்கியவர்களை நினைத்துச் செய்யும் நல்ல காரியம் அது. ஆனால் இங்கே நிலையாகக் குடியிருப்பவர் என்று அந்தக் காலத்தில் அரசு கொடுத்த டொமிசைல் சர்டிபிகேட்டின் கீழே மட்டும் ‘வசிப்பிடச் சான்று’ என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அதுதான் என் மனக்குறை.

வசிப்பிடம் என்றால் இன்றைக்கு எங்கே இருக்கிறோம் என்பது. வங்கியில் காட்டும் முகவரிச் சான்றுக்கு அந்தச் சொல் சரி. டொமிசைல் வேறு. ஓரிடத்தில் சட்டப்படி இருக்க வேண்டும். காலவரையறை இல்லாமல் அங்கேயே தங்கும் எண்ணமும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1992-இல் வந்த டொமிசைல் சட்டம் இதைத்தான் சொல்கிறது. இன்னோர் இடத்தில் நிலைகொள்ளும்வரை பழையது போகாது என்பதும் அதில் உண்டு. கணவனுடைய டொமிசைலே மனைவிக்கும் என்ற பழைய விதியை ஒழித்ததும் அந்தச் சட்டம்தான். ஆகவே ‘நிலைக்குடிச் சான்று’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

டர்பன் அடங்கிய நேட்டாலில் 1897-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் கரையேற முடியாது. ஏற்கெனவே இங்கே நிலைகொண்டவருக்கு விலக்கு உண்டு. கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்த் திரும்பியவர் துறைமுகத்தில் தமிழில் எவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டாலும் எடுபடாது. டொமிசைல் சான்று இருந்தால்தான் வீடு போய்ச் சேரலாம். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய இந்தியர் மீது போட்ட மூன்று பவுன் வரி, இந்தியத் திருமணங்கள் செல்லுமா என்ற சிக்கல், நுழைவுரிமை எல்லாம் சேர்ந்து 1913-இல் போராட்டமாக வெடித்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது 16. அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது. பெருவிரல் ரேகை பதித்த டொமிசைல் சான்று இருந்தால் உள்ளே வர அதுவே போதும் என்றும் ஒப்புக்கொண்டது.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. ரேகையின் மை பழுப்பேறிவிட்டது. முனுசாமி என்ற பெயர் எழுத்தர் கையில் ‘மூன்சாமி’ ஆகியிருக்கிறது. இன்றும் அதுதான் எங்கள் குடும்பப் பெயர். மடித்த இடத்தில் தாள் விடத் தொடங்கியிருக்கிறது.

நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து அனுப்பியபோது வீடு போனது. தகரப் பெட்டியோடு இந்தக் காகிதங்கள் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தன. பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு வாங்கிப் படமெடுத்து வையுங்கள். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், தாள் கெட்டுவிடும். ஒரு பிரதியை 1860 பாரம்பரிய மையத்துக்கோ, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கோ கொடுக்கலாம்.

வரும் நவம்பருக்குள் தொடங்க முடியுமா? சான்றுகளின் கீழே வைக்கும் அட்டைகளுக்குத் தமிழ் வரிகளை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு தமிழாசிரியர்