‘சாரி சொல்லு’க்கு முன்னால் இருபது நிமிடம்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பாலர் வகுப்புப் பெற்றோருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து கேட்டார்: “டீச்சர், காலையில இருபது நிமிஷம் பிள்ளைங்க கண்ணாடியப் பார்த்து மூஞ்சியச் சுளிக்கிறாங்களாமே, அதுக்கா அனுப்புறோம்?” கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். முகத்திலும் உடம்பிலும் உணர்ச்சியைப் படிக்கப் பழக்கும் அந்த நேரத்தை எடுத்து எழுத்துப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்று அங்கேயே பேச்சு எழுந்தது. மற்ற பள்ளிகளிலும் இதே பேச்சுதான் என்று ஆசிரியத் தோழிகள் சொல்கிறார்கள். அன்று சிரிப்போடு விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் நான் ‘சாரி சொல்லு’ டீச்சராகத்தான் இருந்தேன். ஒருவன் தள்ளுவான், ஒருத்தி விழுவாள், “சாரி சொல்லு” என்பேன். அவனும் ராகம் போட்டு “சாஆரி” என்பான். கை அதற்குள் அடுத்த மரக்கட்டையைப் பிடித்திருக்கும். விழுந்தவள் முகத்தை அவன் பார்த்திருக்கவே மாட்டான். நானும் பார்க்கச் சொன்னதில்லை.

இப்போது முதலில் பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் ஒருவன் பக்கத்தில் இருந்தவளின் கட்டையைப் பிடுங்கினான். அவள் அழவில்லை. சட்டை ஓரத்தை முறுக்கிக்கொண்டு, கால்விரல்களை மடக்கி நின்றாள். “அவ கையப் பாரு, காலப் பாரு. என்ன தெரியுது?” என்றேன். நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அவளுக்கு ஒண்ணுக்கு வருது, டீச்சர்.” சிரிக்காதீர்கள், அவன் சொன்னது சரி. அவளை அழைத்துப் போய் வந்தோம். திரும்பி வந்தபிறகு அவளிடமே கேட்கச் சொன்னேன். கோபமும்தான் என்றாள். உடம்பைப் பார்ப்பது, ஊகிப்பது, அப்புறம் கேட்டுச் சரிபார்ப்பது. இருபது நிமிடத்தில் இதைத்தான் பழக்குகிறோம்.

இது தானாக வராதா என்று கேட்கலாம். ஒரு மைலோ பானத்தூள் டின்னைக் காட்டி உள்ளே என்ன என்று கேளுங்கள். ‘மைலோ’ என்பார்கள். திறந்தால் பென்சில். மூடிவிட்டு, இன்னும் இதைப் பார்க்காத தோழன் வந்தால் உள்ளே என்ன இருப்பதாக நினைப்பான் என்று கேட்டால், மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘பென்சில்’ என்றே சொல்லும். உளவியலாளர் ஜோசஃப் பெர்னரும் உடனிருந்தவர்களும் மிட்டாய்க் குழாயை வைத்துச் செய்து 1987-இல் வெளியிட்ட சோதனை இது. தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடத் தொடங்குகிறது. ஏறக்குறைய அந்த வயதில்தான் உங்கள் பிள்ளை எங்கள் பாயில் வந்து உட்காருகிறது.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் மஞ்சள் வட்ட முகப் படங்களை ஒட்டினால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். அந்தப் படத்துக்குக் கழுத்தே கிடையாது. நம் பிள்ளைகள் பாதிப் பேச்சைக் கழுத்தால்தான் பேசுகிறார்கள். வேறொரு பாலர் பள்ளியிலிருந்து ஒரு பெண் குழந்தை எங்களிடம் வந்தாள். அங்கே தமிழ் தெரிந்த ஆசிரியை இல்லை. எது கேட்டாலும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவாள். நமக்கு அது ‘சரி’. அங்கே அது ‘மாட்டேன்’. ‘பிடிவாதம்’ என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். பெரியவர் கண்டிக்கும்போது நம் வீட்டில் தலை குனிந்தால் மரியாதை, நேராகப் பார்த்தால் ‘என்ன முறைக்கிற?’. அதே குழந்தையிடம் வேறோர் இடத்தில் ‘என் கண்ணைப் பார்த்துப் பேசு’ என்பார்கள். மலாய்க்காரர்கள் ஆள்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தீவில் வளரும் பிள்ளைக்கு இத்தனையும் வேண்டும். திட்டும்போது சிரிக்கிற பிள்ளையையும் சொல்ல வேண்டும்: பல நேரம் அது திமிரல்ல, பயம். அதற்காக அடி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சொற்களுக்கு நமக்குப் பஞ்சமும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தி, அழுகை ஒன்றுக்கே நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நான்கும் எங்கள் பாயில் உண்டு. கேலிக்கு ஆளானவன் அழுவது இளிவு. பாட்டியை இழந்தவள் அழுவது இழவு. முன்பிருந்த நிலை மாறிப்போய் வருந்துவதை அசைவு என்கிறார்கள். வீட்டுக்குத் தம்பிப் பாப்பா வந்ததிலிருந்து தினமும் வாசலில் அழுகிறானே, அவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் பலகாரத்தைப் பார்த்து அழுவது வறுமை. நால்வருக்கும் நாம் சொல்வது ஒரே ‘அழாதே’.

கலைத்திட்டத்துக்கு வெளியே நாங்களாகச் செய்வதும் இல்லை இது. 2017-இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டத்திலேயே தன் உணர்ச்சியை அறிவதும் பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதும் இடம்பெற்றிருந்தன. நான்கு மணி நேர வகுப்பில் இருபது நிமிடம். எழுத்தையும் நாங்கள் விட்டுவிடவில்லை, பயப்படாதீர்கள்.

சங்கத்திடம் கேட்பது இரண்டுதான். அந்த நேரத்தில் கை வைக்காதீர்கள். அடுத்த ஆண்டுக்குப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்க ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, உடையாத கைக்கண்ணாடி இருபத்தைந்தும் நாலைந்து கைப்பொம்மைகளும் வாங்கித் தாருங்கள். இப்போது இருப்பவை ஆறு கண்ணாடிகள்; அதற்கே தினமும் ஒரு சண்டை, அதையும் பாடமாக்கிக்கொள்கிறோம் என்பது வேறு விஷயம்.

அன்று கேள்வி கேட்ட அப்பாவுக்கு: வியாழக்கிழமை காலை எட்டரைக்கு வாருங்கள், ஐயா. நாற்காலி கிடையாது, பாயில்தான் உட்கார வேண்டும். உங்களுக்கும் ஒரு கண்ணாடி எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாலர் வகுப்பு ஆசிரியை, பினாங்கு