கடலோரக் கல்வீடு: லண்டன் ஹாரோவில் இருக்கும் நண்பருக்கு

ஃபிஷ்கார்ட், பெம்ப்ரோக்ஷயர், வேல்ஸ்

அன்புள்ள இராமநாதனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ இணைத்திருந்த வீட்டு விற்பனை விளம்பரத் தாளும் வந்து சேர்ந்தன. உன் மகளுக்கு எடின்பரோவில் வேலை நிரந்தரமாகிவிட்டது என்பதில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ கோலின்றி நடக்கத் தொடங்கியிருப்பது அதைவிட நல்ல செய்தி. ஏனென்றால், நீ வாங்க நினைக்கும் வீட்டின் பரணுக்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். நான் மருத்துவமனைப் பணியிலிருந்து முற்றிலும் விலகிவிட்டேன். விசாலாட்சி வாரம் ஒரு மாலை வேல்ஷ் மொழி வகுப்புக்குப் போகிறாள். என்னைவிட அவளுக்கு அந்த மொழி நன்றாகப் பிடிபடுகிறது.

நீ கேட்டுக்கொண்டபடி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டேன். ஸ்ட்ரம்பிள் முனைக்கும் மேத்ரிக்கும் இடையே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சரிவின் மடிப்பில் காற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறது. விளம்பரத்தில் ‘கடல் தெரியும் வீடு’ என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் கடலைப் பார்க்க வெளியே வந்து, கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பிய வேலிக்கரையின் மேல் ஏறி நிற்க வேண்டும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் குளிர்காலக் காற்றுக்கு அஞ்சிக் கட்டியவர்கள், சன்னல்களைச் சிறியதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1908-இல் கட்டிய கலங்கரை விளக்கின் ஒளி மட்டும் இரவில் முற்றத்துக்கு வந்து போகும் என்று வீட்டைக் காட்ட வந்த முகவர் சொன்னார். இரவில் போய்ச் சரிபார்க்க எனக்குத் துணிவில்லை. பாதை அத்தனை குறுகல்.

அமைப்பு இந்தப் பகுதிக்கே உரிய ‘க்ரோக்லோஃப்ட்’ முறை. ஒரே தளம், ஒரு முனையில் பெரிய அடுப்படியுடன் கூடிய கூடம், மறு முனையில் தடுத்தெடுத்த சிறு படுக்கையறை, அந்தப் படுக்கையறைக்கு மேலே, கூரைச் சரிவுக்குள் பாதி வீட்டுக்கு மட்டும் ஒரு பரண். குழந்தைகள் அங்கேதான் உறங்கினார்கள். நீ கார்டிஃபுக்கு வந்திருந்தபோது செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில், வடக்கே ரோஸ்ட்ரவன் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய 1762-ஆம் ஆண்டு வீடு ஒன்றைப் பார்த்தோமே, அதே இனம்தான் இதுவும். அங்கே ஆளுயரப் பாறைகளையே சுவரில் வைத்திருந்ததைப் பார்த்து நீ வியந்தாய். இங்கே கற்கள் சிறியவை. இந்த முனை முழுவதும் பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை என்பதால், வயலில் பொறுக்கியதை அப்படியே அடுக்கி, நடுவே மண்ணும் சல்லியும் இட்டு நிரப்பியிருக்கிறார்கள். சுவரின் கனம் இரண்டடிக்குக் குறையாது. கூரை ஸ்லேட் பலகைக் கல். புயலில் பெயர்ந்து பறக்காமலிருக்க அதன்மேல் சிமெண்ட் கரைசலைப் பூசி மூடும் பெம்ப்ரோக்ஷயர் வழக்கப்படி பூசியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கூரைமேல் பனி விழுந்தாற்போல வெளுத்துத் தெரிகிறது.

எனக்கு வீடு பிடித்திருந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

வீடு மூன்று குளிர்காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது பூஞ்சை வாடை. முகவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அடிச்சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இத்தகைய சுவருக்குள் ஈரம் வருவது இயல்பு. மழைநீரைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலும் காற்றும் உள்ளே எரியும் தீயும் சேர்ந்து அதை உலர்த்தும். இதற்கு இடம் கொடுப்பது சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும். இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் கிடையாது என்பதால், சால்வா, போர்த்கெய்ன் போன்ற சிறு துறைகளுக்கு அதைக் கப்பலில் கொண்டுவந்து கரையிலேயே சூளை வைத்துச் சுட்டார்கள். அந்தச் சூளைகளை இன்றும் பார்க்கலாம். அத்தனை பாடுபட்டுப் பூசியதை எல்லாம் சென்ற நூற்றாண்டில் யாரோ சுரண்டி எடுத்துவிட்டு, இந்த வீட்டுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார். சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பின் வழியே நீர் உள்ளே போகும், போன நீருக்குத் திரும்பி வர வழியிருக்காது. ஆகவே அந்தப் பூச்சைக் கவனமாகப் பெயர்த்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, மீண்டும் சுண்ணாம்பு பூச வேண்டும். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது என்பதால், அவசரப்பட்டு ஒரே ஆண்டில் முடிக்கும் காரியமும் அன்று.

அதைவிட முக்கியமானது அந்தத் தீ. இந்த வட்டாரத்து மக்கள் நிலக்கரித் தூளையும் களிமண்ணையும் நீர்விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து எரித்தார்கள். ‘கல்ம்’ என்று அதற்குப் பெயர். இரவில் அணையாதபடி சாம்பல் போட்டு மூடி வைப்பார்கள், காலையில் கிளறிவிடுவார்கள். கோடையிலும் அடுப்பு அணைவதில்லை. வீடு உலர்ந்திருந்ததற்குப் பாதிக் காரணம் இதுவே என்பது என் எண்ணம். நீயோ ஜூலையில் ஒரு மாதமும் ஈஸ்டருக்கு ஒரு வாரமும் வந்து தங்கிவிட்டு, மற்ற நாள்களில் பூட்டி வைப்பதாகவோ விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதாகவோ எழுதியிருக்கிறாய். நவம்பரிலிருந்து மார்ச் வரை பயணிகள் வரமாட்டார்கள். குழாய் எரிவாயு இல்லாத இடம்; எண்ணெய்த் தொட்டியை நிரப்பி, ஆளில்லாத வீட்டை அந்த ஐந்து மாதமும் சூடாக வைத்திருக்கப் பணம் கட்டுவாயா என்பதை யோசித்துக்கொள்.

நீ ஆயுள் முழுவதும் கணக்குத் தணிக்கை செய்தவன். வரியைப் பற்றி உனக்கு நான் சொல்வது வேடிக்கைதான், இருந்தாலும் வேல்ஸில் சட்டம் வேறு. இங்கே 2018 முதல் முத்திரைத்தாள் வரிக்குப் பதிலாக நிலப் பரிமாற்ற வரி நடைமுறையில் இருக்கிறது. வீட்டை 3 லட்சம் பவுண்டுக்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால், குடியிருக்க வாங்குபவர் 4,500 பவுண்டு கட்டுவார். ஹாரோ வீட்டையும் வைத்துக்கொண்டு இரண்டாவது வீடாக வாங்கும் நீ, 2024 டிசம்பரில் உயர்த்திய விகிதப்படி 19,950 பவுண்டு கட்ட வேண்டும். இது வாங்கும்போது ஒருமுறை. ஆண்டுதோறும் கட்டும் உள்ளாட்சி வரியில், இரண்டாம் வீடுகளுக்கு 300 விழுக்காடு வரை கூடுதலாக வசூலிக்க 2023 ஏப்ரல் முதல் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. பெம்ப்ரோக்ஷயர் மன்றம் 2024-இல் 200 விழுக்காடு விதித்து, 2025-இல் அதை 150 ஆகக் குறைத்தது. ஆண்டுக்கு ஆண்டு சண்டையிட்டு மாற்றுகிறார்கள், எனவே எதையும் நிலையாக எண்ணிக் கணக்குப் போடாதே. வாடகைக்கு விட்டு, உள்ளாட்சி வரிக்குப் பதிலாக வணிக வரிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற உன் யோசனைக்கும் ஒரு தடை இருக்கிறது: ஆண்டில் 182 நாள்கள் உண்மையாகவே வாடகைக்குப் போயிருக்க வேண்டும். இந்தப் பாதையின் கடைசியில், குளிர்கால மழையில், அது நடக்காது.

இந்த வரிகளை வெளியூர்க்காரர்மேல் உள்ள பகையாக நீ நினைக்கலாம். உன் கடிதத்தின் ஒரு வரியில் அந்தத் தொனி இருந்தது. இங்கே முப்பது ஆண்டுகளாக இருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெம்ப்ரோக்ஷயரின் வடபகுதி இன்றும் வேல்ஷ் பேசும் பகுதி. மொத்த வேல்ஸில் அந்த மொழி தெரிந்தோர் 2011-இல் 19 விழுக்காடு, 2021-இல் 17.8. அது ஏட்டில் வாழும் மொழியன்று, கடையிலும் தேவாலயத்திலும் பள்ளி வாசலிலும் பேசப்படுவது. ஆகவே ஓர் ஊரில் ஆண்டு முழுவதும் விளக்கெரியும் வீடுகள் குறையும்போது அதுவும் கூடவே குறைகிறது. இந்தக் கோபம் பழையது. 1979 டிசம்பரில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல், வேல்ஷ் தேசியவாதிகள் சிலர் ஆளில்லாத விடுமுறை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். முதலில் எரிந்தவற்றில் இந்த மாவட்டத்து வீடுகளும் உண்டு. அந்தச் செயலை இங்கே பெரும்பாலோர் ஏற்கவில்லை. இப்போது ‘வேல்ஸ் விற்பனைக்கு அல்ல’ என்ற பதாகையுடன் அமைதியாக ஊர்வலம் போகிறார்கள். என் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகள் பலர், தாங்கள் வளர்ந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் கார்டிஃபில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த ஊர்வலத்தில் அவர்களின் பெற்றோரைப் பார்க்கிறேன்.

ஆகவே என் யோசனை இது. விடுமுறைக்கென்று இந்த வீட்டை வாங்காதே. கோடையில் எங்கள் வீட்டு மாடியறை உங்கள் இருவருக்கும் போதும். ஆனால் ஹாரோ வீட்டை விற்றுவிட்டு இங்கேயே குடிவர உங்களுக்கு மனம் இருக்குமானால், இதைவிட நல்ல வீடு கிடைப்பது அரிது என்று அதே வாயால் சொல்வேன். வரியில் பெரும்பகுதி போய்விடும், சுவருக்கு வேண்டிய தீயும் தானாகவே எரியும். அப்போதும் இரண்டு காரியங்களைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதே. பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள அளவையாளரைக் கொண்டு ஆய்வு செய்வி. சாதாரண அளவையாளர் ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்துவிட்டு மருந்தையே பரிந்துரைப்பார். கழிவுநீர்த் தொட்டி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கேட்கச் சொல். இவை தவிர, கூரைக்குள் வௌவால் இருப்பதற்கான அடையாளத்தை நானே பார்த்தேன். சட்டம் அவற்றைப் பாதுகாப்பதால், உரிமம் இல்லாமல் கூரையில் கைவைக்க முடியாது. தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பதால், சன்னலைப் பெரிதாக்கும் உன் ஆசைக்கும் பூங்கா அதிகாரிகளின் அனுமதி வேண்டியிருக்கும். அது கிடைக்காவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன்.

முடிவு செய்யுமுன் மீனாட்சியை அழைத்துக்கொண்டு வந்து பார். ஜூனில் வராதே, அந்த மாதத்தில் வேலிக்கரை முழுவதும் பூத்துக் கிடக்கும், யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஜனவரியில், மழை பெய்யும் நாளாகப் பார்த்து வா. ஹாரோவிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, உன் முழங்காலுக்கு அது ஆகாது. ரயிலில் வந்தால் நிலையத்துக்கு நான் வருகிறேன். சாவியைத் தரும்படி முகவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
செல்வம்